ஏரோது மோட்டாரில் வந்த படம்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் மாதாகோயில் பங்கு. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கோயில் மண்டபத்து ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடி, இயேசுவின் பாடுகளைக் காட்டும் பழைய ஊமைப்படம் போடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர்தான் மதுரைக்குப் போய்ப் படப்பெட்டி வாங்கிவருவார். மைக்கில் கதை சொல்வதும் அவரே.

அந்த வருடம் என் மகளைக் காளையார்கோவில் பக்கத்திலிருந்து பெண் பார்த்துப் போயிருந்தார்கள். பதில் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா படத்துக்கு வந்து, முன்வரிசையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பளிங்குத் தூண்கள், சரவிளக்குகள், பட்டுத் திரைச்சீலைகள்.

"இதோ, ஏரோது அரசனின் அரண்மனை" என்றார் என் வீட்டுக்காரர்.

வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. கோட்டும் தொப்பியுமாக ஒருவன் இறங்கினான்.

"வாத்தியாரே, ஏரோது கார் வச்சிருந்தானாக்கும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெட்டி மாறிவிட்டது. திரையில் அவன் பெண்சாதி சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்க, அவன் மேசைக்கு அடியில் ஒரு ஆட்டக்காரியின் கையைப் பிடித்தான். அடுத்து அந்த ஆட்டக்காரி குளம் மாதிரி ஒரு தொட்டியில் கழுத்துவரை நுரையோடு கிடந்தாள். பெண்கள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். "இது... இது சோதனை" என்று இவர் மைக்கில் சமாளித்தார். பெண்சாதிக்கு விஷயம் தெரிந்து கதவைச் சாத்தினாள். அவன் வெளியே பூங்கொத்தோடு தட்டிக்கொண்டு நின்றான்.

"நிப்பாட்டுங்க!" என்று பங்குச்சாமியார் கத்தினார்.

பக்கத்தில் அந்த அம்மாவின் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. விளக்கு வந்ததும் "வாரேன்" என்ற ஒரு சொல்லோடு போய்விட்டார்.

அஞ்சு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் போனால், கண்ட படத்தைக் காட்டிக் கெட்டார்கள் என்று ஊரே சொல்லும். அடுத்த இடம் எங்கிருந்து வரும்? மகளின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிராதீக."

இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்தப் பயல அவ உள்ள சேத்தாளா இல்லியா? அஞ்சு நாளா மண்டையக் குடையுது."

முடிவை இவர் எங்கே பார்த்தார்? என்னைப் பார்த்தார். சேர்த்தாள் என்றால் ரோசமில்லாத குடும்பம் என்பார்களோ, சேர்க்கவில்லை என்றால் பெண்ணுக்கும் அந்தப் புத்தி வரும் என்பார்களோ. யாரிடமும் வாய் திறக்காத நான்தான் சொன்னேன்: "சேத்துக்கிட்டா. மழையில நல்லா நனைய விட்டுட்டு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படிப் போடுங்க மதினி! இதையும் சொல்லிக்குடுத்து மகள அனுப்புங்க. எம்மகனும் லேசுப்பட்டவன் இல்ல. ஈஸ்டர் கழிச்சுக் கோயில்ல ரெண்டு பேரு பேரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்."

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த மழைக் கதையைச் சம்பந்தி அம்மா இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் பேச்சை மாற்றப் பார்க்கிறேன். அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கதவு திறந்ததா, மழை பெய்ததா என்று சரிபார்த்து எனக்குச் சொல்லுங்கள். அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.