திறந்திருந்த ஒரு கட்டம்

அந்த நட்டை முதலில் திருடியது மதினிதான். தாராவியில் அண்ணன் நடத்தும் தோல் பை பட்டறையில், பிரஸ் மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்த நாள். ஒரு நட் மட்டும் காணவில்லை என்று அண்ணன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தான். மாடியில் நாங்கள் குடியிருந்த அறையில், மதினி அதைக் கறுப்பு ரெக்சின் துண்டின் மேல் வைத்து, தோலில் அடையாளம் போடும் வெள்ளிப் பேனாவால் சுற்றிலும் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று என்று ரெக்சின் முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள், தேனடை மாதிரி. சாயங்காலம் நட் தானாகவே மேஜைக்கு வந்து சேர்ந்தது, ஓரமெல்லாம் வெள்ளி மையோடு. "எவம்ல இதுக்கு லிப்ஸ்டிக் போட்டது?" என்று அண்ணன் என்னைத்தான் முறைத்தான். வீட்டில் எது நடந்தாலும் அவன் கண் முதலில் என் பக்கம்தான் திரும்பும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஒரு வகையில் அன்றும் காரணம் நான்தான். அந்தக் கட்டங்கள் ஒரு விளையாட்டுக்காக. மதினி பக்கத்தில் சயானில் காலேஜ் படித்தபோது கற்றுக்கொண்டது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டை வந்தால் கட்டம் போட்ட துணியில் காய் நகர்த்தி, பகடை உருட்டி முடிவு பார்க்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் பட்டறைக்கு லீவு என்பதால் நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் மாடியில் வீரர்களாகிவிடுவோம். பட்டறையில் கிடப்பவைதான் காய்கள். என் வீரன், பையின் ஜிப்பை இழுக்கும் ஒரு ரன்னர். பூதங்கள் பித்தளை ரிவெட்டுகள். பூதம், ராஜா, கள்ளன், கடைக்காரி எல்லோருக்கும் மதினிதான் பேசுவாள். அவளுக்கென்று தனியாக ஒரு காய் கிடையாது.

முதலில் சதுரக் கட்டத்தில்தான் ஆடினோம். அதில் மூலை என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் என் பிழைப்பு. பூதங்கள் நாலு பக்கமும் நின்றாலும் நான் மூலை வழியாகக் குறுக்கே நழுவிவிடுவேன். குறுக்கே போனால் அது ஒரு கட்டமா, ஒன்றரைக் கட்டமா என்று வாரம் முழுக்கத் தகராறு நடக்கும். ஒன்பதாவதில் கணக்கில் கோட்டைவிட்டு நின்றவன் நான். ஆனால் ஏமாற்றுகிற கணக்கு எனக்கு நன்றாகவே வரும். மதினி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நட்டில் கை வைத்தாள். "கொழுந்தனாரே, இதுல மூலையில பாதையே கெடையாது. ஆறு பக்கமும் ஒரே தூரம். இனி எங்க நழுவுதீருன்னு பாப்போம்." அவள் வரைந்ததில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசி வரிசையில் ஒரு கட்டம் நசுங்கிப்போயிருந்தது. இது எலிக்கு ஒதுக்கிய இடமா என்று கேட்டேன். அது கிணறு, வாய் பேசுகிறவன் முதலில் விழுவான் என்று சட்டம் போட்டாள்.

பிறகு மதினிக்கு ரத்தத்தில் புற்று என்றார்கள். நான் ரெக்சினைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். கட்டிலில் அவள் கால்மேல் விரிப்போம். அவள் முழங்காலை மடக்கினால் அது மலை. என் வீரன் ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். வலி வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவோம். காய்கள் இருந்த இடத்தை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுமுறை அதைப் பார்த்து அப்படியே வைப்பேன்.

கடைசியாக ஆடிய அன்று என் ஜிப் ரன்னரைச் சுற்றி ஐந்து ரிவெட்டுகள் நின்றன. ஒரே ஒரு கட்டம் மட்டும் திறந்திருந்தது. என் முறை. ஓடப்போகிறேனா, நின்று சண்டை போடப்போகிறேனா என்று மதினி கேட்டாள். "வீட்டுக்கு வாங்க மதினி, அங்க வச்சுச் சொல்லுதேன்" என்று இளித்தேன். பாதிச் சண்டையை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். நான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டால் அதைக் கேட்கவாவது திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "இப்பவே சொல்லும். எனக்குத் தெரியணும்" என்றாள். நான் போட்டோ எடுத்துக்கொண்டு ரெக்சினைச் சுருட்டிவிட்டேன்.

மதினி வீட்டுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, போட்டோவைப் பார்த்துக் காய்களை அதே இடங்களில் வைத்தேன். கூட்டாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். பூதங்கள் அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல ஆள் இல்லாததால் யாரும் பகடையைத் தொடவில்லை. அப்போது அண்ணன் ஏணியில் ஏறி வந்தான். வேலையற்றவர்களின் விளையாட்டு என்று எட்டிக்கூடப் பார்க்காதவன், ரெக்சினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏலே, இதுல அவ எது?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பேன். "எல்லாமே மதினிதாண்ணே. தனியா காய் கெடையாது" என்றேன்.

அண்ணன் அந்த வெள்ளிக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான். கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில் அந்த நட். ஒரு ஓரத்தில் இன்னும் வெள்ளி மை ஒட்டியிருந்தது. அவனுக்கு ஆட்டமும் தெரியாது, விதியும் தெரியாது. காய்களுக்கு நடுவே காலியாகத் தெரிந்த அந்த ஒரு கட்டத்தில் அதை வைத்தான். அவள் அதைச் சுற்றி வரைந்த கோட்டுக்குள் அது இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது. என் வீரனுக்கு ஆறு பக்கமும் அடைபட்டுவிட்டது.

"ஓடல மதினி. நிக்கேன்" என்றேன்.

பிரஸ்ஸில் இப்போது புது நட் ஓடுகிறது. ரெக்சின் எங்கள் அலமாரி மேல் விரித்தபடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூசி தட்டும்போது ரிவெட்டுகளையும் ஜிப் ரன்னரையும் நான் எடுத்துத் துடைத்து வைப்பேன். நட்டை மட்டும் அண்ணன்தான் எடுப்பான். துடைக்கும்போது அந்த வெள்ளி ஓரத்தில் துணி படாமல் பார்த்துக்கொள்வான்.