முன் சைட்டில் பூசிய கண்மை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வேலை செய்யும் ஆய்வுகூடத்திலும் ஆக்லாந்து ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலும் இது தெரியாதவர் இல்லை. ஆனால் பிஸ்டல் கிளப்பில் ஒரேயொரு மனிதரிடம் மட்டும் ஐந்து வருடமாக "ஓம் அண்ணை" என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வாயில் வந்ததில்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் எழுதப்போகிறேன்.

நான் ஈழத்தமிழ், அவர் மலேசியத் தமிழர், கிளென் ஈடனில் வீடு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் கிளப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போன முதல் நாளே "வா தங்கச்சி" என்று கூப்பிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்த தன் பையைத் தூக்கிக் கீழே வைத்து எனக்கு இடம் தந்தார். அந்த ஒரு கதிரைக்காக நான் எத்தனை விஷயத்தில் விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கிளப்பில் சேர்வது லேசான வேலை அல்ல. பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, என் கணவரைத் தனியாக இருத்திக் கேள்வி கேட்டார். இவர் என்ன சொன்னாரோ, லைசன்ஸ் கிடைத்தது. ஆனால் அதிகாரியின் கார் தெருமுனையைத் தாண்டும் முன்னரே இவர் என் பக்கம் திரும்பினார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ அதுக்குச் சந்தா கட்டிக்கொண்டு போறாய்."

"அங்க என்னைப் பாத்து நீட்டினவங்கள். இங்க அது என்ர கையில இருக்கு" என்றேன்.

நாற்பத்தெட்டு வயதில் கண் என்னைக் கைவிட்டது. குறிபார்க்கப் பிஸ்டலின் நுனியில் நிற்கும் முன் சைட் மங்கிப் போனது. கண்ணாடி போட்டால் சைட் தெளியும், தூரத்துக் குறி அட்டை கலங்கும். ஸ்கோர் மாதத்துக்கு மாதம் விழுந்தது. எங்கள் அணித் தலைவி நல்ல மனுசி, அன்பாகத்தான் சொன்னாள்: ஸ்கோர் பலகை பிடிக்க நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும், யோசித்துப் பார் என்று. பலகை பிடிப்பதாம்! மற்றவர்கள் சுட, நான் வெயிலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதாம்! காரில் ஏறிக் கதவை அடித்த அடியில் கண்ணாடி ஆடியது.

இரண்டாயிரத்துப் பதினேழு, பதினெட்டு அளவில் ரெட் டொட் எங்கள் கிளப்புகளில் பரவிக்கொண்டிருந்தது. பிஸ்டலின் மேல் பூட்டும் சின்னக் கண்ணாடி ஜன்னல் அது. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அட்டையைப் பார்த்தபடி புள்ளியை அதன்மேல் வைத்தால் போதும், இரண்டும் தெளிவாக இருக்கும். என் கண்ணுக்கு அது மருந்து. வாங்கினேன்.

ஆனால் அந்த ஜன்னல் பழைய இரும்பு சைட்டுகளை மறைத்துவிடும். நடுவில் பற்றரி செத்தால் குறிபார்க்க ஒன்றுமே இருக்காது. அதனால் ஜன்னலுக்குள் தெரியக்கூடிய உயரமான சைட்டுகள் போடவேண்டும். மூன்று வாரம் தேடி வாசித்தேன். கேட்டால் காட்டக்கூடியவர்களின் பிஸ்டல்களையெல்லாம் பிடித்துப் பார்த்தேன். முடிவு ஒன்றுதான்: முன்னும் பின்னும் வெறும் கறுப்பு. புள்ளி, நிறம், மினுக்கம் எதுவும் கூடாது. முன் சைட் மெல்லியதாக, ஜன்னலின் அடியில் தலை மட்டும் காட்டும் உயரத்தில் இருக்கவேண்டும். தேவைப்படும்வரை அது கண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது.

மரியாதைக்காக இதை அண்ணையிடமும் சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அங்கேதான். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்.

"நீ எதுக்குமா அலையற? நான் எடுத்துட்டேன் லா. அண்ணன் கிஃப்ட்."

பெட்டியைத் திறந்தால் திருவிழா. முன் சைட்டில் வெளிச்சத்தை வாங்கி எரியும் சிவப்புப் பிளாஸ்டிக் நார். பின் சைட்டில் அதே மாதிரி இரண்டு பச்சை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஓம் அண்ணை, வலு சந்தோசம்" என்றுதான் வந்தது. அவரே கிளப் பட்டறையில், சைட்டைத் தள்ளிப் பொருத்தும் கருவியை வைத்து மாட்டித் தந்தார். அதற்குப் பிறகு வந்த பயிற்சி நாட்களில் எல்லாம் ஆக்லாந்து மழை. மப்பு வெளிச்சத்தில் நார்கள் மங்கலாகவே இருந்தன. பழகிவிடும் என்று என்னையே ஏமாற்றினேன்.

கிளப்புகளுக்கிடையிலான போட்டிக்கு நான்கு பேர் கொண்ட அணி. அண்ணை உட்பட மூவரைத் தெரிவுசெய்தாயிற்று. நான்காவது இடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கோரில் முடிவாகும். கிடைத்தால் அணி. கிடைக்காவிட்டால் பலகை. தலைவி அதைத் திரும்பச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தியது. முதல் சுற்றில் பிஸ்டலைத் தூக்கினேன், ஜன்னலுக்குள் இரண்டு சிவப்பு. நார் நெருப்பாக எரிந்தது, டொட் அதன் பக்கத்தில் வெளிறிக் கிடந்தது. கண் பிரகாசமானதைத்தான் பிடித்தது. பத்தில் மூன்று குண்டு அட்டையிலேயே படவில்லை.

சுடும் வரிசைக்கு வெளியே, குண்டில்லாத பிஸ்டலை எடுத்துப் பார்க்க அனுமதியுள்ள ஒரே இடம் சேஃப்டி மேசை. அங்கே போனேன். அண்ணையும் அங்கே நின்று தன் பிஸ்டலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிலும் ரெட் டொட். சைட் இரண்டும் வெறும் கறுப்பு.

"அண்ணை, உங்கடது கறுப்பு?"

"ஆமா லா. டொட் இருக்கும்போது கலர் எதுக்கு? கண்ணை இழுக்கும்."

"அப்ப என்ரது?"

"நீ லேடீஸ் ஆச்சே. கலரா இருந்தா பிடிக்கும்னு எடுத்தேன்." சிரித்தார். நல்ல மனசோடு சிரித்தார்.

எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. அவர் எனக்குக் குழி பறித்திருந்தால் கூட ஒரு மதிப்பு இருந்திருக்கும், என்னைப் போட்டியாளராக நினைத்திருக்கிறார் என்று. இது அது அல்ல. மூன்று வாரம் நான் தேடியது அவர் காதில் ஏறவே இல்லை. அவர் எனக்கு வளையல் வாங்கித் தந்திருக்கிறார்.

கைப்பைக்குள் துழாவினேன். கண்மைப் பென்சில் கிடைத்தது. பிஸ்டலில் குண்டு இல்லை என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சிவப்பு நாரின் முகத்திலும் முதுகிலும் அழுத்திப் பூசினேன். பிறகு இரண்டு பச்சையிலும்.

"என்னாம்மா பண்ற? புதுசு லா அது!"

பூசி முடித்துப் பென்சிலை மூடினேன்.

மிச்சம் மூன்று சுற்றிலும் ஜன்னலுக்குள் ஒரே ஒரு சிவப்புத்தான். ஒரு குண்டும் அட்டையைத் தவறவில்லை. பின்னேரம் தலைவி வாசித்த நான்காவது பெயர் என்னுடையது.

எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணை என் தோளில் தட்டி, என் சைட்டைத் தெரிவுசெய்ததே தான்தான் என்று சுற்றி நின்றவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிவித்தார். பிறகு என்னிடம், "பாத்தியா தங்கச்சி? அண்ணன் செலெக்ஷன்!"

"அண்ணை, நீங்கள் தந்ததை மை பூசி மூடிப்போட்டுத்தான் சுட்டனான்." என் சத்தத்துக்கு, தமிழ் தெரியாதவர்களும் திரும்பினார்கள். "உங்கட கண்ணுக்கு என்ன வேணும் எண்டு நான் ஒருநாளாவது சொன்னனானே? என்ர கண்ணை எனக்குத் தெரியும்."

"இதுக்குப் போய் ஏன்மா கோவப்படற?" என்றார். அவர் பையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

அடுத்த கிழமை கறுப்பு சைட்டுகளை நானே வாங்கி, பட்டறைக் கருவியால் நானே பொருத்தினேன். அவருடையதைத் துடைத்து அதே பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தேன். வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அணிக் கூட்டத்துக்குப் போனேன். நான்கு கதிரை போட்டிருந்தது. மற்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள், மிச்சம் அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றுதான். அதில் அவருடைய பை இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

பையை நானே தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.