இடது கன்னத்தில் மச்சம்

“…இடது கன்னம்னுதான் போட்டிருக்கு. எங்க இருக்கு அண்ணாச்சி, அந்த மச்சம்? பெத்தவ நான், எனக்கே தெரியல. நீங்க காட்டுங்க.”

குழந்தையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு அந்தப் பர்மாக்காரப் பெண் கேட்டாள். இன்னொரு கையில் அன்று காலைத் தபாலில் வந்த பிள்ளையின் பாஸ்போர்ட். அதை எழுதிக் கேட்டு வாங்கியவன் நான். தென்காசி தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன். படித்தது மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் நானாகக் கற்றது, அந்தத் திமிரும் உண்டு.

அவள் புருஷன் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ரங்கூனில் மர மில்லில் வேலை, கல்யாணமும் அங்கேயே. சூல்கொண்டவளை ஊருக்குக் கூட்டிவந்து எதிர்வீட்டில் தன் அக்காளிடம் விட்டுவிட்டு, லீவு முடிந்ததும் அவர் மட்டும் கப்பலேறினார். பிள்ளை இங்கே பிறந்தது. அவள் புறப்படலாம் என்று பார்த்தால் சட்டம் மாறியிருந்தது. அதுவரை டிக்கெட் இருந்தால் போதும். இனிமேல் பாஸ்போர்ட், விசா. தாய்க்கு வேண்டிய தாள்களைப் புருஷன் ரங்கூனிலிருந்தே அனுப்பிவிட்டார். பிள்ளையோ இந்த மண்ணில் இந்த ஊர்க்காரருக்குப் பிறந்தது, அதற்குத் தனியாக வாங்க வேண்டும் என்று பதில் வந்தது.

“கெடைக்கலைன்னா அவ மட்டும் போட்டும். பிள்ளை இங்கன இருக்கட்டும், நான் வளத்துக்கிடுதேன்” என்றாள் நாத்தனார். அவளுக்குப் பிள்ளை இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிற பேச்சாக அது இல்லை.

நான் மனு எழுதப் போன அன்று நல்ல சாரல். “பிள்ளைய எடுங்க அண்ணாச்சி” என்று பர்மாக்காரி சிரித்தபடி கொண்டுவந்தாள். “நனைஞ்சு வந்திருக்கேன், பிள்ளைக்குச் சளி புடிச்சிரும்” என்று நகர்ந்துகொண்டேன். மறுநாள் வெயில் அடித்தது. அன்றைக்கு வேறொரு சாக்கு. வேற்று நாட்டுக்காரி பெற்ற பிள்ளை என்று உள்ளுக்குள் ஒரு கூச்சம். வாயால் சொன்னதில்லை. ஜனங்கள் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். சாரலைப் பார்த்து அவள் “மழ நடக்குது” என்று சொன்னதை அன்று சாயங்காலமே காப்பிக் கடையில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஒரு வாரத்துக்கு அவள் தலையைக் கண்டாலே, “என்னம்மா, மழ நடக்குதா, ஓடுதா?” என்று கேட்டார்கள். அவளும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

குற்றாலத்தில் சீசனுக்குக் கடை போட்டிருந்தவரிடம் பிள்ளையைப் படம் பிடித்தார்கள். பின்னால் அருவி வரைந்த திரை. அருவியைக் கத்தரித்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் அடையாளம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் மிளகு அளவு கறுப்பு. மச்சம் என்று எழுதினேன்.

இந்த ஊரில் பிறந்தவனுக்குத் திருஷ்டிப் பொட்டு தெரியாதா? தெரியும். பர்மாக்காரி பிள்ளைக்கு யார் மெனக்கெட்டுப் பொட்டு வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதவும் கை கூசுகிறது.

“நான்தான் வச்சேன்” என்றாள் நாத்தனார் மெதுவாக. “படம் புடிச்சாக் கண்ணு படும்லா. மூஞ்சி கெட்டிரக் கூடாதுன்னு ஈர்க்குச்சி முனையால தொட்டு வச்சேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “இது வேற பிள்ளைன்னு துறைமுகத்துல நிறுத்திருவான்லா?”

அவள் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது. திருத்தி வாங்க ஒரு மாதமாவது ஆகும். கப்பலுக்கு ஒன்பது நாள்.

“யாரு படிச்சுச் சொன்னா?” என்று பர்மாக்காரியிடம் கேட்டேன்.

“நான்தான் படிச்சேன். எங்க ஊரு மோல்மேன்ல கன்னியாஸ்திரி பள்ளிக்கூடம், எட்டு வருஷம் இங்கிலீஷ்.”

இரண்டு மாதம் அந்த வீட்டுக்குப் போய்வந்தவன், ஒருநாளாவது கேட்டிருப்பேனா? விண்ணப்பத்தை அவளே எழுதியிருப்பாள். என்னைவிட நன்றாகவும் எழுதியிருப்பாள்.

பிள்ளை என் மூக்கைப் பிடிக்கக் கை நீட்டியது. தகப்பனின் புருவம், தாயின் கண். கன்னம் துடைத்த வெண்கலம் மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்தது அன்றுதான்.

“பாக்காம எழுதிட்டேம்மா” என்றேன்.

பர்மாக்காரி பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தாள். உள்ளே போய் நாத்தனாரின் மைச்சிமிழையும் ஒரு ஈர்க்குச்சியையும் எடுத்துவந்தாள். பாஸ்போர்ட்டை என் முழங்கால் மேல் விரித்து வைத்து, படத்தையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்து, இடது கன்னத்தில் மிளகு அளவு ஒரு பொட்டு வைத்தாள். காயும்வரை ஊதினாள். பிறகு மைச்சிமிழைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரு துணியில் முடிந்து, டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து மூடினாள்.