கரிபு கடக்கும் வாரம்

உங்கள் லீவை எவனாவது எக்ஸெல்லில் இரண்டு கட்டம் தள்ளி வைத்திருக்கிறானா? அந்த எவன் நான்தான். வளைகுடாவில், ராஸ் லஃபானில் ஒரு கேஸ் பிளான்ட்டில் பிளானர். ஊரில் கெத்தாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் யார் எந்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று கட்டத்துக்குப் பச்சை அடிக்கிற வேலை.

எங்கள் கேபினில் ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர். கனடாவின் வடகோடி, பழங்குடிக்காரர். கரிபு என்கிற பனிமானை வேட்டையாடிச் சாப்பிடும் ஊர் அவருடையது. அங்கே வைரச் சுரங்கம் வந்தது. அவருக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்ததே அந்தச் சுரங்கம்தான். அந்தத் தொழில்தான் இங்கே கொண்டுவந்தும் போட்டது. மெஸ்ஸில் எங்கள் டேபிளிலேயே சாப்பிட்டு, என்னைத் 'தம்பி' என்று கூப்பிடப் பழகியிருந்தார். மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான்.

போன வருடம் செப்டம்பரில் மூன்று வாரம் கேட்டார். அதே நேரத்தில் பிளான்ட் ஷட்டவுன்; மொத்தத்தையும் நிறுத்திப் பழுது பார்க்கிற, ஒருத்தரையும் விட முடியாத சமயம்.

"ரெண்டு வாரம் கழிச்சுப் போங்க சார். மான் என்ன ஃபிளைட் டிக்கெட்டா போட்டிருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "தம்பி, முன்னாடி மாசம் பூரா வரிசையா போகும். இப்போ சுரங்கத்து ரோடு குறுக்கே கிடக்கு. லாரிச் சத்தம் கேட்டா திரும்பிடும். கடக்கறதே நாலஞ்சு நாள்தான். பொண்ணுக்கு இது முதல் வேட்டை. கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்ல. அவ மாமனுங்க எல்லாம் சுரங்கத்துல ஷிஃப்ட்டு."

முதல் வேட்டையில் விழுந்ததை வேட்டையாடினவர் ஒரு துண்டுகூடத் தின்னக் கூடாதாம். மொத்தமும் ஊருக்குப் பங்கு. தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் முதலில்.

"உனக்கும் ஒரு பங்கு உண்டு. காயவெச்சு எடுத்துட்டு வரேன்."

"நானா தனி? ரூம்ல ஆறு பேர் இருக்கோம் சார்."

"வந்தப்போ பார்த்தேனே. ஆறு பேர், ஆறு போன்."

பக்கத்து சீட்டில் ஃபைல் பார்க்கிற யாழ்ப்பாணத்து அக்கா பொறுக்க முடியாமல் திரும்பினார். "தம்பி, அந்த மனுசன் வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான். குடுத்தா உமக்கென்ன குறைஞ்சா போகும்?"

"ஒருத்தருக்குக் குடுத்தா க்யூ நிக்கும்கா."

இன்னொரு இன்ஸ்பெக்டரோடு மாற்றிவிட்டிருக்கலாம். அதற்கு இரண்டு மெயில் போட வேண்டும். சோம்பல். மவுஸால் ஒரே இழுப்பு, பச்சை இரண்டு கட்டம் தள்ளிப் போனது. கலாஸ், முடிந்தது கதை.

அவர் போய்விட்டு வந்த அன்று, கேபினுக்குள் நுழையும்போதே கேட்டேன், "எங்க சார் என் பங்கு?"

"கரிபு மாஃபி," என்றார். ஸ்டோரில் போல்ட் தீர்ந்துபோனால் சொல்கிற அதே தொனி.

அப்புறம் அவராகவே சொன்னார். போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரம் குளம்புத் தடம் மட்டும்தான் இருந்ததாம். அப்பனும் மகளும் பதினோரு நாள் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவள் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

"கடைசி நாள் கேட்டா, பள்ளிக்கூடம் முடிஞ்சதும் சுரங்கத்துல சேரலாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்கலாம்னு."

ஸாரி சொல்லியிருக்க வேண்டும். ஷட்டவுன் நல்லபடியாக முடிந்தது என்று என்னவோ உளறினேன். அக்கா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. காலையில் குட்மார்னிங் சொல்வார், வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். மெஸ்ஸில் ஜன்னலோர டேபிளுக்கு மாறிவிட்டார். 'தம்பி' மட்டும் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை ரூமில் ஆறு போனும் ஆறு பாஷையில் கத்தும்போது, ஒரு நாள் என்னுடையதை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஒருத்தனும் நிமிரவில்லை.

இந்த வருட ஷீட் இப்போது திறந்திருக்கிறது. இரண்டு மெயிலையும் போட்டாயிற்று, மாற்று ஆளும் சரி என்றுவிட்டான். செப்டம்பரில் அவர் பெயருக்கு நேராக மூன்று வாரம் பச்சை.

அவர் இன்னும் லீவ் கேட்கவில்லை.