அக்கா வாய்விட்டுக் கேட்ட ஜெபங்கள்

அக்காவைக் கர்த்தர் தம்மிடம் சேர்த்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. அவர்களுடைய நற்குணங்களை இம்மலரில் எழுதும்படி சபையார் கேட்டார்கள். அதற்குத் தகுதியில்லாதவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா கோச்சடையில் பிறந்தவர்கள். பெற்றோர் இருவரையும் காலரா கொண்டுபோனபோது அவர்களுக்கு வயது பதினாறு, எனக்கு ஆறு. வந்த கலியாணப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மதுரையில் மிஷன் பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தார்கள். நான் தலைமையாசிரியர் ஆனதும், அக்காவை உட்கார வைத்துச் சோறு போடுகிறேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அக்கா ஒருநாளும் உட்காரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தேவையை வாய்விட்டுச் சொல்லி ஜெபிப்பார்கள். ஊசி நூல்வரைக்கும் அக்கா எதையும் விடமாட்டார்கள். யுத்தகாலத்தில் ஒருநாள், "ஆண்டவரே, மண்ணெண்ணெ சுத்தமா தீந்துபோச்சு. தம்பி பரீட்சைத் தாள் திருத்தணும், எப்பிடியாச்சும் கொஞ்சம் தாரும்" என்று ஜெபித்தார்கள். மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் அரைப் பாட்டில் மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். என்னிடம் படிக்கும் பிள்ளையின் தாய் அவர். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

அன்று அக்காவிடம் நான் பேசியதை மறைக்காமல் எழுதுகிறேன். "ஆண்டவர் பேரைச் சொல்லி ஊர்ல பிச்சை எடுக்குறியேக்கா. தேசத்துக்கு ஜெபம் பண்ணு, மழைக்குப் பண்ணு. நம்ம அடுப்படி சமாச்சாரம் அங்க வேணாம்."

அக்கா சரி என்றார்கள். அதன்பிறகு தேசத்துக்கும் மழைக்கும் மட்டுமே ஜெபித்தார்கள். கூட்டத்தில் மற்றப் பெண்கள் தங்கள் தேவையைச் சொல்லக் கேட்டு எத்தனை வீட்டுக்கு அக்கா நொய்யும் விளக்கெண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தலைமையாசிரியரின் அக்காவே வாய் திறக்காதபோது நாம் எப்படிச் சொல்வது என்று மற்றப் பெண்களும் அடங்கிப்போனார்கள். கூட்டம் சீக்கிரம் முடிகிறதே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

மறு வருஷம் அக்காவின் காலில் கருவேல முள் ஏறியது. நீரிழிவு உடம்பு, புண் ஆறவில்லை. சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு தினமும் எனக்குச் சோறு பரிமாறினார்கள், நானும் சாப்பிட்டேன். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலில் விழுந்தபோதுதான் அந்தக் காலைப் பார்த்தேன். இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர். ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் அழுதேன். "ஆண்டவர்ட்ட மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான்ப்பா இருந்தேன்" என்றார்கள்.

விஷயம் தெரிந்த அன்றே புதன்கிழமைப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கஞ்சி காய்ச்சியவர்கள், பழந்துணி துவைத்துக் கொடுத்தவர்கள், முறைவைத்துக் காலைக் கழுவிக் கட்டியவர்கள், அடக்கம்வரை கூட நின்ற போதகர் ஐயா, எல்லோருக்கும் என் நன்றி. ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் முதல் நாளே வந்திருப்பார்கள். அந்த வார்த்தையைத் தடுத்தவன் நான். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இதையும் எழுதாவிட்டால் என் நன்றி பொய்யாகிவிடும். கடைசி வாரத்தில் போதகரம்மா கட்டிலருகே முழங்காலில் நின்று, என்ன வேண்டும், அதற்காக ஜெபிக்கிறோம் என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா மெல்ல முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லட்டுமா தம்பி?" என்று கேட்டார்கள்.