இரண்டு தீக்குச்சி இடைவெளி

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில்தான் அந்தக் காரைக் கண்டேன். நான் கால்நடை மருத்துவர். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில், கன்று ஈன்ற பசு படுத்த இடத்தைவிட்டு எழவில்லை என்று வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். கால்சியம் ஏற்றிவிட்டு, அது எழுந்து நிற்பதற்காகக் காத்திருந்தபோது கொட்டகை மூலையில் வைக்கோலுக்கு அடியில் ஒரு கம்பிச் சக்கரம் தெரிந்தது. வைக்கோலை இழுத்துப் போட்டேன். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, கூரை கிடையாது. பச்சைப் பெயின்ட் திட்டுத் திட்டாக மிச்சமிருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இது அப்பா தள்ளிய கார்.

அப்பா இளவயதில் அந்த வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். வீட்டுக்காரர் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். மழைக்காலத்தில் அந்தக் களிமண் பாதையில் அது சிக்காத நாள் இல்லையாம். நடவு வயலிலிருந்து நாலு பேரைக் கூப்பிடுவார்கள். முழங்கால் சேற்றில் நின்று தள்ளுவார்கள். வண்டி கிளம்பிவிடும், இவர்கள் நடந்து திரும்புவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது இதை அப்பா வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார்.

"ஒரு தடவைகூட உக்காந்ததில்லையாப்பா?" என்று கேட்பேன்.

"நம்மள உக்காரச் சொல்லுவாங்களா? சீட்டெல்லாம் சேறாயிரும்ல" என்பார்.

அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்தக் கோபத்தில் பாதி இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வந்தது.

அந்த வீட்டுப் பெரியவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. வாரிசுகள் சென்னையில். போனில் பேசினேன். "எடுத்துக்கிட்டுப் போங்க டாக்டர், எடம் காலியானா சரி" என்றார் பேரன். அன்றே மினி லாரி பிடித்து ஏற்றிவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் காரை முழுசாக்கி, அப்பாவை அதில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். சொந்தமாக மூன்று ஏக்கர் வாங்கி, டிராக்டர் வாங்கி, என்னைப் படிக்கவைத்த மனிதர். விதைநெல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அந்த வண்டி நமக்கு எதுக்கு பாப்பா? நான் அதுல உக்கார மாட்டேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன், மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் விடுகிற ஜாதி இல்லை.

கடைத்தெருவைத் தாண்டி ஒரு பட்டறை இருக்கிறது. டிராக்டருக்கு டிரெய்லர் கட்டுவதும், சேற்று உழவுக்கான கேஜ் வீல் செய்வதும் அங்கே வேலை. நடத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேளாங்கண்ணிக்கு வருஷம் தவறாமல் நடந்து போகிறவர். வெல்டிங் பற்றவைக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். காரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். தட்டின இடமெல்லாம் துரு பொடியாக உதிர்ந்தது.

"இன்ஜின் கதையை அப்புறம் பாப்போம் டாக்டரம்மா. மொதல்ல ஒடம்பு நிக்கணும்ல" என்றார்.

தரைத் தகட்டைக் கழற்றி, பழையதை அச்சாக வைத்துப் புதிதாக வெட்டினார். மட்கார்டை மணல்மூட்டை மேல் போட்டு மரச்சுத்தியலால் தட்டினார். நெளிந்துபோன தகடு அவர் கையில் மெல்ல மெல்ல வளைவை எடுத்துக்கொண்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிந்ததும் நேரே பட்டறைக்குத்தான் போவேன். வேலை எனக்கு ஆமை வேகமாகத் தெரியும், நச்சரிப்பேன்.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, பக்கத்துக்கு ஒன்றாக நீளமான தகரப் பெட்டி ஓடியது. இரண்டும் அரித்துப் போயிருந்தன. முன்னாலும் பின்னாலும் மட்டும் கட்டை கொடுத்து வண்டி நின்றிருந்தது. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்.

"ஒரு பக்கமா அறுக்கவா?" என்று கேட்டார்.

"எதுக்குண்ணே ரெண்டு வேலை? ரெண்டு பக்கமும் சேத்தே அறுத்துடுங்க" என்றேன்.

அவரும் தலையாட்டினார். டிரெய்லர் கட்டிப் பழகிய கை அது. டிரெய்லரில் கனத்த இரும்புச் சட்டம் கீழே எல்லாவற்றையும் தாங்கும், தொட்டி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். தகரம் என்பது மண் சிந்தாமல் இருக்க. பெரிய வண்டி என்றால் டிரெய்லர்தான் என்று பார்த்து வளர்ந்தவள் நானும். இந்தக் காரில் அந்தச் சட்டம் எங்கே என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசித் துண்டு விழுந்தபோது "ணங்" என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஏதோ சரியில்லை என்று ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தார். கீழே பொருந்தியது. மேலே கதவு உள்ளே போகவே இல்லை. நடுவில் வண்டி தொய்ந்துவிட்டது. முன்பாதியும் பின்பாதியும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நின்றன.

நான் கத்தினேன். என்ன பட்டறை, என்ன வேலை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அறுக்கச் சொன்னது நானேதான் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் கீழே கிடந்த தகரத் துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது தாங்குச்சா?" என்றார். "இந்தத் தகரமா டாக்டரம்மா இவ்ளோ நாளும் மொத்த வண்டியையும் தாங்குச்சு?"

வாங்கிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பாத் தகரத்தைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவே. அதை மடித்து, மடித்ததை இன்னொன்றுக்குள் ஒட்டி, உள்ளே ஒரு தடுப்பு வைத்து யாரோ பெட்டியாக்கியிருந்தார்கள். கூரை இல்லாத வண்டிக்கு அந்த இரண்டு பெட்டிகளும்தான் முதுகெலும்பு. சேஸ் என்கிற தாங்கு சட்டம் வேறு உடம்பு வேறு என்பதே இதில் இல்லை, உடம்புதான் சேஸ். எத்தனை மாட்டின் முதுகைத் தடவியிருக்கிறேன், இதைப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. இதை வரைந்த முகம் தெரியாத அந்த ஆளை நினைத்துக்கொண்டு மடிப்பை விரலால் தடவினேன். எங்கோ ஒரு தேசத்தில், ஒரு மேஜையில், ஒரு மடிப்புகூட வீணில்லாமல் இதை யோசித்திருக்கிறார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு பேரும் சேந்துதானே கெடுத்தோம், ரெண்டு பேரும் சேந்தே எடுப்போம்" என்றார்.

நடுவில் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ ஜாக்கி வைத்தார். கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டோம். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும், அது பொய் சொல்லாது. ஜாக்கியை ஒரு கால் சுற்று திருப்புவார். பிறகு காத்திருப்போம். தகரம் முனகும், அடங்கும். அடங்கிய பிறகு தண்ணீரைப் பார்ப்போம், மறுபடி கால் சுற்று. நச்சரிக்கிற எனக்கு அந்த ஒன்பது நாளும் வாய் திறக்கத் தோன்றவில்லை.

கதவுகளைத் திரும்ப மாட்டினார். இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, கதவைச் சுற்றியுள்ள சந்தில் ஓட்டினார். எங்கும் இடிக்காமலும் எங்கும் கழன்று ஆடாமலும் அந்த ஜோடி ஒரு சுற்று வர வேண்டும். எட்டாம் நாள் வரை பின் மூலையில் மாட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் இடது கதவைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு வலது கதவு. அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படியே நகராமல் இரும்புக் குழாய் வைத்துக் குறுக்கே கட்டி, புதுப் பெட்டிகளை வைத்தார். இந்தப் பக்கம் ஒரு பொட்டு வெல்டிங், அந்தப் பக்கம் ஒரு பொட்டு. சூட்டில் இழுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பொட்டுக்கும் ஈரச் சாக்கு. எல்லாம் ஆன பிறகு ஜாக்கியை இறக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. தீக்குச்சி ஜோடி மறுபடி ஒரு சுற்று வந்தது. காற்றைப் பிடித்துவைத்தது போல அந்த உடம்பு தன்னாலே நின்றது.

அப்பா வந்தது குறுவை நடவுக்கு முன்னால், விரிசல் விட்ட கேஜ் வீலைப் பற்றவைக்க. நான் அங்கே இருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. கார் துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசிக்கொண்டு நடுவில் நின்றது. இன்ஜின் இல்லை, இருக்கைச் சட்டத்தின் மேல் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. கேஜ் வீலைக் கீழே போட்டுவிட்டு அப்பா காரையே பார்த்தார். அவர் பின்பக்கம் போனார், மட்கார்டு வளைவில், தள்ளும்போது கை வைக்கிற இடத்தில், உள்ளங்கையை வைத்தார்.

"உக்காருங்க ஐயா" என்றார் பட்டறைக்காரர்.

அப்பா கதவை இழுத்தார். ஒரு விரலுக்கே திறந்தது. செருப்பைக் கழற்றப் போனார்.

"செருப்போட ஏறுங்கப்பா!" என்று கத்திவிட்டேன்.

என்னை ஒரு தடவை பார்த்தார். செருப்போடு ஒரு காலை உள்ளே வைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பை இறக்கினார். இன்னும் இறக்கினார், இன்னும் கொஞ்சம். முழங்கால் முன்னால் நீண்டது, இடுப்பு ஏறக்குறைய தரைக்கே போய்விட்டது. கதவைச் சாத்திக்கொண்டு எங்களைப் பார்க்க முகத்தைத் தூக்கினார். எங்கள் இடுப்புதான் தெரிந்திருக்க வேண்டும், இன்னும் அண்ணாந்தார்.

"இவ்ளோ கீழயா உக்காந்திருந்தாரு பெரியவரு?" என்றார். "நாங்க குனிஞ்சே நின்னதுல தெரியாமப் போச்சே, பாப்பா."