சில்சாருக்குப் புறப்பட்ட மெர்லின்

2016 ஜூலையில் மெர்லினுக்கு அசாமின் சில்சாரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. நெய்வேலி இருபத்தோராம் பிளாக்கில் அவர்கள் குவார்ட்டர்ஸில் அன்றைக்கே சந்தோஷமும் சண்டையும் சேர்ந்து நுழைந்தன. அப்பா இன்னாசிராஜுக்கு சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஷிப்ட் வேலை. காலையில் கேன்டீன் முழுக்க இனிப்பு கொடுத்தவர், மாலையில் முகம் வாடித் திரும்பினார். நாட்டிலேயே நிலநடுக்கம் அதிகம் வரக்கூடிய பகுதி சில்சார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மத்த புள்ளைங்கன்னா எழுந்து ஓடிடும். நீ என்னம்மா பண்ணுவ?"

ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் மெர்லினின் வலது கால் சூம்பிப்போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். அப்படியே பள்ளிக்கும் போனாள், கோயில் பாட்டுக் குழுவுக்கும் போனாள். அந்தக் காலை ஒரு தடையாக அப்பா சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

மறுநாள் மெயின் பஜாரில் ஒரு நெட் சென்டருக்குப் போய், நிலநடுக்கக் கையேடு ஒன்றை அச்செடுத்து வந்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படிங்கப்பா. ஆடும்போது ஓடவே கூடாதுன்னு போட்டிருக்கு. ஓடுறவங்கதான் விழுந்து அடிபடறாங்களாம். மேசைக்கு அடியில உட்கார்ந்து, தலையை மறைச்சிகினு, மேசைக் காலைக் கெட்டியாப் புடிச்சிக்கணும். உட்கார்றதுக்கு எனக்கென்ன?"

இன்னாசிராஜ் சோற்றை மறந்து இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார்: "உட்கார உனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. காலிப்பரில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு வளையப் பூட்டு உண்டு. குனிந்து அதைத் தூக்கினால்தான் கால் மடங்கும். அம்மா மார்த்தாள் செல்போனில் நேரம் பார்த்தாள். பதினேழு செகண்ட்.

"அதுக்குள்ள வூடே ஆடி முடிச்சிடும்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை பயிற்சிக் களமானது. மார்த்தாள் சமையலுக்கு நடுவே, கையில் கரண்டியோடு திடீரென்று வந்து மேசையை உலுக்குவாள். மெர்லின் விழுந்தாள், முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். நான்காம் நாள் வழி பிடிபட்டது. பூட்டைத் தொடவே வேண்டாம். மேசை விளிம்பைப் பற்றி, மடங்காத காலை முன்னால் நீட்டி, அப்படியே தரையில் சறுக்கினால் போதும். தலையும் உடம்பும் உள்ளே போய்விடும், கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு செகண்ட்.

வீக்லி ஆஃப் அன்று இன்னாசிராஜே கீழே குனிந்து பார்த்துக் குறை சொன்னார். "தோள் வெளியில தெரியுது பாரு. இன்னும் உள்ள போ." கொஞ்ச நேரம் கழித்து, "சில்சாருக்கு மூணு டிக்கெட் போட்டுடறேன்" என்றார்.

சில்சாரில் மெர்லின் தரைத்தள அறை கேட்டு வாங்கினாள். வார்டனிடம் அனுமதி கேட்டு, இன்னாசிராஜ் பீரோவைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். மெர்லின் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடச் சொன்னாள். டார்ச், விசில், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு பையில் தலைமாட்டில் தொங்கின. படுத்திருக்கும்போது ஆடினால் எழுந்திருக்கப் போவதில்லை, தலையணையால் தலையை மூடிக்கொள்வாள்.

அறைத்தோழி லின்தோய் இம்பாலில் பிறந்தவள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. எங்கள் ஊரில் இது மழை மாதிரி வந்து போகும் என்று சிரித்தாள்.

அடுத்த ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு மேல் இருக்கும். டம்ளர்கள் கிணுகிணுத்தன. தரைக்கடியில் லாரி ஓடுவதுபோல ஓர் உறுமல். மெர்லின் எழுதிக்கொண்டிருந்த மேசைக்கடியில் சறுக்கினாள். மழை என்று சிரித்த லின்தோய்தான் கதவை நோக்கிப் பாய்ந்தாள். மெர்லின் எட்டி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருடி!" பதற்றத்தில் தமிழே வந்தது. லின்தோய்க்குப் புரிந்தது. இருவரும் ஆளுக்கொரு மேசைக்காலைக் கட்டிக்கொண்டார்கள். அலமாரியிலிருந்து புத்தகங்கள் கொட்டின. பீரோ அசையவில்லை. வெளியே தடதடவென்று காலடிகள், ஓர் அலறல்.

ஆட்டம் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு நடந்தே வெளியே வந்தார்கள். மேல்மாடியிலிருந்து ஓடிவந்த பெண் ஒருத்தி படியில் கால் பிசகிக் கிடந்தாள். மெர்லின் தன் பாட்டில் தண்ணீரை அவளுக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போன் லைன் கிடைக்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் போனது. மாலையில்தான் மார்த்தாளுக்கு லைன் கிடைத்தது. "கிளம்பி வந்துடறியா, மெர்லின்?"

"எதுக்கும்மா? வியாழக்கிழமை லேப் இருக்கு. போனை அப்பாகிட்ட குடுங்க, என்ன நடந்துதுன்னு முழுசா சொல்றேன்."

மைதானத்துப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து, அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.